மோரிஸ் மைனர் 1098: ஹெடர் மாட்டியதும் டப் டப் சத்தம்

அண்ணன்மாரே, அப்பாவோட பழைய மோரிஸ் மைனர் காருக்குக் காக்கி புக்கிட் பட்டறையில் ஹெடர் (எஞ்சின் புகையை வெளியே கொண்டுபோற குழாய்) மாட்டினேன், ஆயில் ஃபில்டரும் மாத்தினேன். இப்போ ஆக்சிலேட்டரை மிதிச்சா டப் டப் சத்தம். ஃபில்டர் கிண்ணத்து விளிம்புல எண்ணெய் கசியுது. மனசே சரியில்லை.

பதில்: தம்பி, இந்த எஞ்சின்ல இன்டேக்குக்கும் (காத்து உள்ளே போற வழி) எக்ஸாஸ்டுக்கும் (புகை வெளியே வர்ற வழி) ஒரே கேஸ்கெட், அதாவது இடுக்கை அடைக்கிற தகடு. பெரிய வாஷர் ரெண்டு விளிம்பையும் சேர்த்து அழுத்தணும். இன்டேக் விளிம்பை விட ஹெடர் விளிம்பு மெலிசா இருந்தா வாஷர் சாய்ஞ்சு உட்காரும், அந்த இடுக்குல புகை அடிக்கும், அதான் டப் டப் சத்தம். ரெண்டு தடிமனையும் அளந்து பாருங்க. ஓட்டாதீங்க.

பதில்: எண்ணெய்க் கசிவுக்குக் காரணம் பெரும்பாலும் கழட்டாம விட்டுப்போன பழைய ரப்பர் வளையம். ஃபில்டர் கிண்ணத்து விளிம்பு உட்கார்ற மேல் பள்ளத்துல கறுத்து இறுகி, இரும்பு மாதிரியே தெரியும். ஊசியால நெம்புங்க. எனக்கு ரெண்டு பழைய வளையம் வந்துச்சு.

கேட்டவர்: பழைய வளையம் இருந்துச்சுண்ணே! கசிவு நின்னுடுச்சு. வாஷரை சனிக்கிழமை கழட்டுறேன்.