மறுமொழி: ‘சமுதாய வன மேலாண்மை’க்குப் பதில் ‘ஊர்ப்பொறுப்பு வனம்’

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

> வன உரிமைச் சட்டத்தில் வரும் ‘கம்யூனிட்டி ஃபாரஸ்ட் ரிசோர்ஸ்’ என்பதற்குச் ‘சமுதாய வன வளம்’, அதை நிர்வகிப்பதற்குச் ‘சமுதாய வன மேலாண்மை’ என்றே வைத்துக்கொள்ளலாமே. எளிதாகத்தானே இருக்கிறது?

எளிதுதான். நானும் அப்படித்தான் எழுதிவந்தேன். கோத்தகிரிக்குக் கீழே ஓர் இருளர் ஊரில், இந்த உரிமையைக் கோரும் சி படிவத்தை வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது ஒரு பாட்டி குறுக்கிட்டுக் கேட்டார்: “சமுதாயக் காடுன்னா எந்தச் சமுதாயத்துக்குங்க? எங்களுக்கா, அந்தப் பக்கம் இருக்கிற குறும்பருக்கா?”

அதற்கு அப்புறம் அந்தச் சொல்லை எழுத எனக்குக் கை வரவில்லை. நம் பேச்சில் சமுதாயம் என்றாலும் சமூகம் என்றாலும் முதலில் காதில் விழுவது சாதிதான். கம்யூனிட்டி சர்டிபிகேட் என்றால் சாதிச் சான்றிதழ் என்று குழந்தைக்கும் தெரியும். இருளரும் குறும்பரும் ஒரே சரிவில் தேனும் கடுக்காயும் எடுக்கிற இடத்தில் இந்தச் சொல்லைக் கொண்டுபோய் வைத்தால், இல்லாத சண்டையை நாமே மூட்டிவிடுவோம். சட்டம் சாதியைப் பேசவில்லை. ஓர் ஊரார் வழிவழியாகப் புழங்கிவந்த எல்லைக்குள் இருக்கும் காட்டைப் பேசுகிறது. அது காப்புக்காடாக இருந்தாலும் சரி, சரணாலயமாக இருந்தாலும் சரி.

‘சமூக வனம்’ என்று மாற்றினாலும் தீராது. 1980களில் ஏரிகளுக்குள் கருவேலம் நட்ட திட்டத்தோடு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

இன்னொரு நண்பர் ‘கூட்டு வன மேலாண்மை’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே என்றார். இதில் நான் கொஞ்சம் பிடிவாதமாகவே நிற்கிறேன். அது வேறு ஏற்பாட்டின் பெயர். 1990 ஜூன் 1 அன்று மத்திய அரசு அனுப்பிய சுற்றறிக்கையிலிருந்து வளர்ந்தது. சீரழிந்த காடுகளை மீட்க ஊராரைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அது மாநிலங்களுக்குச் சொன்னது. நம் பக்கம் அது கிராம வனக்குழுவாக வந்தது. குழுவுக்குத் தலைவர் ஊர்க்காரர், செயலர் வனத்துறையின் பாரஸ்டர். ஊரார் காவல் இருப்பார்கள், நாற்று நடுவார்கள், மகசூலில் பங்கு பெறுவார்கள். காடு யார் கையில் என்ற கேள்வி மட்டும் எழாது.

2006-இல் வந்த வன உரிமைச் சட்டம் அந்தக் கேள்விக்கே பதில் சொல்கிறது. காட்டைக் காக்கவும், மறுபடி தழைக்கச் செய்யவும், நிர்வகிக்கவும் ஊருக்கு உரிமை உண்டு என்கிறது. காட்டுக்குள் யார் எப்போது போகலாம் என்று ஒழுங்குபடுத்தும் அதிகாரம் கிராம சபைக்கு. 2012 திருத்த விதிகளின்படி, கிராம சபை அமைக்கும் குழு தன் திட்டத்தைத் தானே எழுதும். வனத்துறைத் திட்டத்தோடு அதை இணைக்கும்போது என்ன மாற்றம் தேவை என்று முடிவு செய்வதும் அந்தக் குழுவே. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால், ‘பழைய வனக்குழுதானே, தெரியும்’ என்று ஊரார் எழுந்து போய்விடுகிறார்கள். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு சொல்லால் ஓர் உரிமை கைநழுவிப் போவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

அதனால் சொல்லில் ‘ஊர்’ இருக்கவேண்டும். ‘கிராமம்’ என்றால் ஊராட்சி முழுவதும் என்று ஆகிவிடும். முதலில் ‘ஊராள் வனம்’ என்று யோசித்தேன். சத்தியமங்கலம் மலையில் ஊராளி என்றே ஒரு பழங்குடி வாழ்கிறது, குழப்பம் வரும். ‘ஊருரிமை வனம்’ என்றால் பட்டா கிடைக்கப்போகிறது என்று நினைப்பார்கள். இது பட்டா இல்லை, நிலத்தை யாரும் விற்க முடியாது. ‘பேணல்’ அழகான சொல், ஆனால் வேலை மட்டும் உனக்கு, முடிவு எனக்கு என்பதுபோல் ஒலிக்கிறது. தீத்தடுப்புக் கோடு வெட்டிக் கூலி வாங்கிய மக்களுக்கு அது புதிதல்ல.

‘பொறுப்பு’ என்ற சொல்லில் கடமையும் அதிகாரமும் சேர்ந்தே இருக்கின்றன. ‘இது யார் பொறுப்பு?’ என்று கேட்டால் யார் உழைப்பது என்பதோடு யாரிடம் கேட்டுச் செய்வது என்பதும் அதில் அடங்கும். ஆகவே ‘ஊர்ப்பொறுப்பு வனம்’. செயலுக்கு ‘ஊர்ப்பொறுப்பில் வனம் நடத்துதல்’. எழுதிப் பார்த்தேன்: ‘எங்கள் ஊர்ப்பொறுப்பு வனத்தில் சீமாறுப்புல் அறுப்பதை இந்த ஆண்டு தை மாதத்துக்குத் தள்ளிவைக்கிறோம்.’ தீர்மானப் புத்தகத்தில் இடறாமல் உட்காருகிறது.

‘காடு’ என்று வைக்கலாமே என்பீர்கள். எனக்கும் ஆசைதான். ஆனால் மலையிறங்கிக் கொங்குப் பக்கம் போனால் காடு என்பது மானாவாரி நிலம். மனுவை வாசிக்கும் அதிகாரி அந்தப் பக்கத்துக்காரராகவும் இருக்கலாம்.

தோடர்களின் மந்துகளில், அதாவது அவர்களுடைய குடியிருப்புகளில்தான், இந்தச் சொல் எனக்கு இடிக்கிறது. எருமைகளைப் பருவந்தோறும் ஓட்டிச்செல்லும் புல்வெளியில் பல மந்துகள் புழங்கும்போது, எந்த ஊரின் பொறுப்பு என்று எழுதுவது? மேய்ச்சல் மக்களின் பருவகாலப் பயன்பாட்டையும் சட்டம் இதே வரையறைக்குள் வைத்திருப்பதால் விட்டுவிடவும் முடியாது. பழனி மலையில் பளியர், புலையர் ஊர்களில் பழகுகிற நண்பர்களும் சொல்லுங்கள்: இரண்டு ஊர் சேர்ந்து புழங்கும் இடத்தை அங்கே என்னவென்று சொல்கிறார்கள்?