ஏழாம் மாதத்தில் மனைவிக்கு மனச்சோர்வு: மருத்துவரிடம் சொல்ல வேண்டியதா?

கேள்வி (உட்லண்ட்ஸ்வாசி):
வணக்கம். சென்ற ஆண்டு ஒரு கரு கலைந்த பிறகு வந்த கர்ப்பம் என்பதால் எல்லோரும் மகிழ்ந்திருக்க, என் மனைவி மட்டும் மூன்று வாரங்களாக யாரிடமும் பேசுவதில்லை. விடியற்காலையிலேயே விழித்து, விளக்குப் போடாமல் சமையலறையில் உட்கார்ந்திருக்கிறார். பிரசவம் வரை கழற்றக் கூடாது என்று வளைகாப்பில் பெரியவர்கள் பூட்டிய கண்ணாடி வளையல்களை அன்றிரவே ஒவ்வொன்றாகக் கழற்றி, கைக்குட்டையில் முடிந்து வைத்துவிட்டார். அவருடைய அம்மா தஞ்சாவூரில் இருக்கிறார். "பிள்ளைத்தாய்ச்சி என்றால் அப்படித்தான்" என்கிறார் என் அம்மா. இது இயல்பானதுதானா?

மறுமொழி 1 (மகப்பேற்றுப் பிரிவுத் தாதி):
தம்பி, நேரில் பார்க்காமல் உறுதியாக எதையும் சொல்ல முடியாது; ஆனால் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் சோகத்தையும் உறக்கமின்மையையும் மசக்கை என்று ஒதுக்கிவிடக் கூடாது. உலக அளவில் கர்ப்பிணிகளில் ஏறத்தாழ 10 விழுக்காட்டினருக்கு மனநலப் பாதிப்பு, பெரும்பாலும் மனச்சோர்வு, ஏற்படுவதாக உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. முன்பே மனச்சோர்வு வந்திருந்தால் ஆபத்து கூடுதல். கருச்சிதைவு, தாய்வீட்டுத் துணையின்மை, கணவரின் ஆதரவின்மை, குடும்ப வன்முறை, பண நெருக்கடி, எதிர்பாராத கர்ப்பம் ஆகியவையும் அதைக் கூட்டும். இவை எதுவுமே இல்லாதவருக்கும் வரலாம் என்பதால், "உனக்கென்ன குறை?" என்று தயவுசெய்து யாரும் அவரைக் கேட்க வேண்டாம்.

இரத்தசோகையும் தைராய்டு குறைபாடும் இதே போன்ற சோர்வைத் தரும் என்பதால் இரத்தப் பரிசோதனையைப் பற்றியும் கேளுங்கள். கடந்த ஏழு நாள்களைப் பற்றிய 10 கேள்விகள் கொண்ட எடின்பரோ வினாத்தாள், தாய்மார்களின் மனச்சோர்வு அறிகுறிகளைக் கண்டறிய 1987 முதல் வழக்கத்தில் உள்ளது. அது நோயை உறுதிசெய்வதில்லை, மேற்கொண்டு பார்க்க வேண்டியவர் யார் என்பதைக் காட்டும். அதன் கடைசிக் கேள்வி, தன்னைத் தானே துன்புறுத்திக்கொள்ளும் எண்ணத்தைப் பற்றியது. அதை நீங்களும் பரிவோடு கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது.

மறுமொழி 2 (ஈசூன் அம்மா):
மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிட்டுவந்த நான், கரு உறுதியானதும் பிள்ளைக்கு ஆகாதென்று பயந்து ஒரே நாளில் அதை நிறுத்தினேன். ஐந்தாம் மாதத்தில் நோய் முன்னைவிடக் கடுமையாகத் திரும்பியது. ஒவ்வொரு பரிசோதனையிலும் இரத்த அழுத்தம் பார்த்தார்கள், குழந்தையின் எடையைச் சொன்னார்கள். என் மனம் எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை, நானும் வாய் திறக்கவில்லை. சிகிச்சை பெறாத மனச்சோர்வு குறைப்பிரசவத்திற்கும் எடை குறைந்த குழந்தைக்கும் வழிவகுக்கலாம் என்பதைப் பிறகுதான் அறிந்தேன். மாத்திரை தேவையா என்பதை மருத்துவரோடு பேசித்தான் முடிவுசெய்ய வேண்டும்; பலருக்கு மனநல ஆலோசனையே போதுமானதாக இருக்கும்.

மறுமொழி 3:
மனநல ஆலோசனைக்குச் சிங்கப்பூரில் 1771 என்ற தேசிய எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். உயிருக்கு ஆபத்தென்று தோன்றினால் காத்திருக்காமல் அவசர மருத்துவ உதவிக்கு 995.

உட்லண்ட்ஸ்வாசி:
தாதி அக்காவுக்கும் மற்றவர்களுக்கும் நன்றி. நேற்றிரவு கேட்டேன். சாக வேண்டும் என்ற எண்ணம் இல்லை என்றார். வளையல் ஓசை குழந்தைக்குக் கேட்கும் என்று எல்லோரும் சொன்னபோது, இந்தக் குழந்தையாவது தங்குமா என்ற பயம் வந்ததாம். ஒவ்வொரு முறை கை அசையும்போதும் அதே பயம் என்பதால்தான் கழற்றினாராம். பரிசோதனையை முன்கூட்டி வியாழக்கிழமைக்கே மாற்றிக்கொண்டோம். விடுப்பு எடுத்து நானும் உடன் செல்கிறேன்.