மறு: நடுவர் சொற்கள் – ‘கன்சிஸ்டென்சி’க்கு ‘அளவு மாறாமை’ பொருந்துமா?

விளையாட்டு நடுவர் சொற்களுக்குத் தமிழ் தேடும் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

நடுவர் பணியைப் பேசும்போது ‘ஃபேர்னெஸ்’ (யார் பக்கமும் சாயாமை), ‘கன்சிஸ்டென்சி’ (எப்போதும் ஒரே மாதிரித் தீர்ப்பளிப்பது) இரண்டுக்குமே ‘நடுநிலை’ போதும் என்று ஐயா சென்ற மடலில் எழுதியிருந்தார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அமெரிக்கப் பெண்கள் கல்லூரிக் கூடைப்பந்தைப் பல ஆண்டுகளாக விடாமல் பார்த்து வருகிறேன். அங்கே நடுவர்களைப் பற்றி எழும் சச்சரவுகளில் பெரும்பாலானவை நடுநிலையைப் பற்றியவை அல்ல.

2024 மார்ச்சில் என்.சி.ஏ.ஏ. (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பு) போட்டியின் முதல் சுற்று. வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகமும் சட்டனூகா பல்கலைக்கழகமும் மோதின. நடுவர்களில் ஒருவர் சட்டனூகாவில் படித்துப் பட்டம் பெற்றவர் என்பது ஆட்டம் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது. இடைவேளையில் அவரை மாற்றிவிட்டார்கள். அவர் ஊதிய விசில் தவறு என்று யாரும் நிறுவவில்லை. அவர் அங்கே நிற்கலாமா என்பதுதான் கேள்வி. இதற்கு ‘நடுநிலை’ கச்சிதமான சொல்.

அடுத்த மாதமே கிளீவ்லாந்தில் அரையிறுதி, அயோவாவுக்கும் கனெக்டிகட்டுக்கும். கனெக்டிகட் 69–70 என்று ஒரே புள்ளியில் பின்தங்கியிருந்தது. பந்து அவர்கள் கையில். 3.9 நொடி மிச்சம் இருக்கும்போது கனெக்டிகட்டின் ஆலியா எட்வர்ட்ஸ் வைத்த ஸ்க்ரீன் (தன் அணியினருக்காக எதிராளியின் வழியை அசையாமல் நின்று மறிப்பது) முறையற்றது என்று ஃபவுல் ஊதினார்கள். ஆட்டம் 71–69 என்று அயோவா பக்கம் முடிந்தது. நடுவர் அயோவாவுக்கு வேண்டியவர் என்றா அன்று விவாதம் நடந்தது? இல்லை. எட்வர்ட்ஸ் அசைந்தாரா என்பதைத் தாண்டி, அதே அசைவை முதல் 39 நிமிடமும் ஊதினீர்களா என்று கேட்டார்கள். தேடிப் பார்த்தால் ஒவ்வொரு முறை பந்து கைமாறும்போதும் இப்படி ஒரு ஸ்க்ரீன் ஃபவுல் கிடைக்கும் என்று கனெக்டிகட் பயிற்சியாளர் ஜீனோ ஆரியம்மாவும் சொன்னார். அந்தக் கேள்விக்கு நம்மிடம் சொல் இல்லை. அதைத்தான் உருவாக்கச் சொல்கிறேன்.

> ‘முரணின்மை’ ஏற்கெனவே இருக்கிறதே?

கணக்கிலும் தருக்கத்திலும் அது நன்றாகவே பொருந்துகிறது. இரண்டு கூற்றுகள் ஒன்றையொன்று வெட்டாமல் இருப்பது முரணின்மை. இங்கே பேச்சு ஒரு நடுவரின் கையில் இருக்கும் அளவுகோலைப் பற்றியது. ‘நிலைத்தன்மை’ என்றால் கட்டடமும் பொருளாதாரமும்தான் நினைவுக்கு வருகின்றன.

> செங்கோன்மை, கொடுங்கோன்மை போல ‘ஒருகோன்மை’ என்று வைக்கலாம்.

அழகான ஆக்கம், மறுக்கவில்லை. ஆனால் படிப்பவருக்கு ஒரே அரசனின் ஆட்சி என்றுதான் முதலில் தோன்றும். அப்புறம், அதை வினையோடு சேர்க்க முடியவில்லை. ‘ஒருகோன்மையாக ஊதினார்’ என்று யார் சொல்வார்?

என் பரிந்துரை ‘அளவு மாறாமை’. ‘அளவு மாறாமல் ஊதினார்’, ‘கடைசிக் கால்பகுதியில் அளவு மாறிவிட்டது’ என்று எப்படி வேண்டுமானாலும் புழங்கலாம். மைதானத்தில் ஒரு பயிற்சியாளர் ‘அளவு மாறாம ஊதுங்க சார்’ என்று கேட்டால் யாருக்கும் விளக்கவுரை தேவைப்படாது.

அளவு ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், ஐந்து ஃபவுல் ஆனால் வீராங்கனை வெளியே. 2015–16 முதல் பெண்கள் ஆட்டம் பத்து நிமிடக் கால்பகுதிகள் நான்காக நடக்கிறது. ஒரு கால்பகுதியில் அணியின் ஐந்தாவது ஃபவுலிலிருந்து எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. இன்று எவ்வளவு உரசலை விடுவார்கள் என்பதை முதல் சில நிமிடங்களிலேயே ஆட்டக்காரர்கள் கணித்துத் தங்கள் தடுப்பை அமைத்துக்கொள்கிறார்கள். அளவு நடுவில் மாறினால் அந்தக் கணிப்பு முழுக்க வீண். 2023 இறுதியாட்டத்தில் மூன்றாம் கால்பகுதி முடியும் தறுவாயில் அயோவாவின் கெய்ட்லின் கிளார்க் பந்தை முதுகுக்குப் பின்னால் தட்டிவிட்டதற்கு டெக்னிக்கல் ஃபவுல் (உரசல் இல்லாத விதிமீறலுக்கான ஃபவுல்) கொடுத்தார்கள். அது அவருடைய நான்காவது. தாமதப்படுத்தியதற்காக அயோவாவுக்கு முன்பே எச்சரிக்கை இருந்ததால் விதிப்படி சரிதான். பார்த்தவர்களை உறுத்தியது, இந்தச் சின்னச் செயலை மற்ற நாள்களில் யாரும் ஊதிப் பார்த்ததில்லை என்பது.

 

கருத்துகளை எதிர்பார்க்கிறேன்.

– – –

அக்கா, வணக்கம். சொல் பிடித்திருக்கிறது. ஒரே ஓர் ஐயம். ‘அளவு’ என்றால் எண்ணிக்கை என்று எடுத்துக்கொள்ள மாட்டார்களா? ஒரு அணிக்கு 22 ஃபவுல், மற்றதற்கு 13 என்றால், ‘பார், அளவு மாறிவிட்டது’ என்பார்களே?

– – –

தம்பி, மிக நல்ல கேள்வி. இதை விளக்கத்திலேயே எழுதிவிட வேண்டும். ஒரு அணி முழு மைதானத்திலும் நெருக்கித் தடுக்கிறது, இன்னொன்று பின்வாங்கி நின்று தடுக்கிறது என்றால் எண்ணிக்கை வேறுபடத்தான் செய்யும். கடையில் தராசு ஒன்றுதான், வாங்குகிறவர்கள் வாங்கும் எடைதான் வேறு. உண்மையில் எண்ணிக்கையைச் சமன் செய்யப் போனால்தான் அளவு கெடும். ஒரு பக்கம் தவறாக ஊதிவிட்டு அதற்கு ஈடாக மறுபக்கம் ஒன்று ஊதுவார்கள் அல்லவா, அதற்கு ‘ஈடுகட்டும் விசில்’ என்று பட்டியலில் சேர்த்திருக்கிறேன். கணக்கு நேராகிவிடும், அளவு இரண்டு முறை பிசகிவிடும்.

ஆகவே பதிவு இப்படி: அளவு மாறாமை – ஒரே செயலுக்கு ஒரே தீர்ப்பு; மைதானத்தின் இரு முனையிலும், முதல் நிமிடத்திலும் கடைசி நிமிடத்திலும், மூன்று நடுவர்களில் யார் ஊதினாலும். ஃபவுல்களின் எண்ணிக்கை சமமாக இருப்பதைக் குறிக்காது.

இன்னும் ‘நோ-கால்’ (நடுவர் விசில் ஊதாமல் விடுவது) பாக்கி இருக்கிறது. ‘கண்டும் காணாமை’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அது நடுவரைக் குற்றம் சாட்டும் சொல். பார்த்து, எடைபோட்டு, இதில் யாருக்கும் ஆதாயம் இல்லை என்று விடுவதும் ஒரு தீர்ப்புதானே? மைதானத்தில் ‘விட்டுட்டார்’ என்கிறார்கள். அதிலிருந்து பெயர்ச்சொல் ஒன்று எடுக்க முடியுமா என்று பாருங்கள்.