சிகெத்வார் 1566: ஸ்ரின்ஸ்கி குடும்பம் வியன்னாவைக் காப்பாற்றியதா?

கோட்டைவாசல்:
குரோவேஷியாவின் ஸ்ரின்ஸ்கி குடும்பம் குறுக்கே நிற்காவிட்டால் ஓட்டோமான் (துருக்கிய) படை 1566-லேயே வியன்னா வரை போயிருக்கும் என்பது என் உறுதியான கருத்து. தெற்கு ஹங்கேரியிலுள்ள சிகெத்வார் கோட்டைக்குள் நிகோலா ஸ்ரின்ஸ்கியோடு இருந்தவர்கள் ஏறத்தாழ 2,300 பேர், குரோவேஷியர்களும் ஹங்கேரியர்களும். வெளியே சுல்தான் சுலைமானே நடத்திவந்த பெரும்படை. ஒரு மாதம் தாக்குப்பிடித்தார்கள். கடைசியில் கோட்டை பற்றி எரிந்தபோது, மிஞ்சியவர்களோடு வெளியே பாய்ந்து நிகோலா உயிரைவிட்டார்.

பொன்னிக்கரை:
வீரத்தை நான் மறுக்கவில்லை. 'வியன்னாவைக் காப்பாற்றினார்' என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. கோட்டை விழுந்தது, 1689 வரை ஓட்டோமான்களிடமே இருந்தது. படை திரும்பியதற்குக் காரணம், எழுபதைத் தாண்டிய சுலைமான் முற்றுகையின்போது கூடாரத்திலேயே இறந்தது. அப்புறம் 1568-ல், வியன்னாவிலிருந்து ஆண்ட ஹாப்ஸ்பர்க் வம்சப் பேரரசர் மாக்சிமிலியன் ஓட்டோமான்களுக்கு ஆண்டுக்கு 30,000 பொற்காசு கொடுக்க ஒப்புக்கொண்டார். காப்பாற்றப்பட்டவர் கப்பம் கட்டுவாரா?

கோட்டைவாசல்:
சுல்தான் இறந்தது உண்மை. ஆனால் எங்கே இறந்தார்? வியன்னா சாலையில் அல்ல, சிகெத்வார் மதிலுக்கு வெளியே. ஆகஸ்ட் முழுவதையும் அந்தக் கோட்டை விழுங்கியதால் செப்டம்பரில் அவர்களுக்குப் போர்க்காலமே மிச்சமில்லை. கப்பத்துக்கு நிகோலா எப்படிப் பொறுப்பாவார்? மாக்சிமிலியனின் படை ஹங்கேரியின் கியோர் நகர்ப் பக்கம் முகாமிட்டிருந்தும் உதவிக்கு வரவில்லை. எத்தனை முறை படித்தாலும் எனக்கு ஆறாத இடம் அது.

பொன்னிக்கரை:
சரி, வராதது தவறுதான். ஆனாலும் இவர்கள் எல்லையோர நிலப்பிரபுக்கள், தங்கள் நிலத்துக்காகப் போரிட்டவர்கள். எதிரே முற்றுகையை நடத்தி, சுல்தானின் மரணத்தைப் படைக்குத் தெரியாமல் மறைத்த தலைமை அமைச்சர் சொகொல்லு மெஹ்மத் பாஷாவும் போஸ்னியாவில் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தவர். இதை இரு நாகரிகங்களின் போராக வரைந்தால் படம் கெட்டுவிடும்.

கோட்டைவாசல்:
நாகரிகப் போர் என்று நானும் சொல்லவில்லை. நிலத்துக்காக என்பதைத்தான் மறுக்கிறேன். நிகோலாவின் முக்கியமான நிலங்கள் மூரா, டிராவா ஆறுகளுக்கு நடுவே மெஜிமூர்யேவில் இருந்தன. சிகெத்வார் அவர் சொத்தே அல்ல. அரசரின் கோட்டை, அவர் அதன் தளபதி.

ஆற்றோரம்:
இருவரும் ஒரு மாதத்தையே சுற்றிவருகிறீர்கள், அடுத்த நூறு ஆண்டுகளையும் பாருங்கள். 1664 குளிர்காலத்தில் அவருடைய கொள்ளுப்பேரன், இன்னொரு நிகோலா, ஓட்டோமான் படைகள் கடந்துவரும் ஓசியெக் மரப்பாலத்தை எரித்தார். அந்த ஆகஸ்டில் செயின்ட் கோத்தார்டில் ஹாப்ஸ்பர்க் படை வென்றது. ஆனாலும் பத்தே நாளில் வஸ்வாரில் எதிரிக்குச் சாதகமான ஒப்பந்தத்தில் வியன்னா கையெழுத்திட்டது. வெறுத்துப்போய்த்தான் நிகோலாவின் தம்பி பெதார் பேரரசருக்கு எதிராகச் சுல்தானிடமே உதவி கேட்டார். 1671 ஏப்ரல் 30 அன்று அவரையும் மைத்துனர் ஃபிராங்கோபனையும் பேரரசர் சிரச்சேதம் செய்தார்.

பொன்னிக்கரை:
தளபதி என்ற வாதம் நியாயமானது, நிலம் பற்றிச் சொன்னதை விட்டுவிடுகிறேன். வியன்னா விஷயத்தில் என் கருத்து மாறவில்லை. பெதார் கதைதான் எனக்குப் பாரமாக இருக்கிறது.

ஆற்றோரம்:
சிரச்சேதத்துக்கு முந்தின நாள் பெதார் தன் மனைவி கதரினாவுக்கு எழுதிய கடிதம் 'என் அன்பு இதயமே' என்று தொடங்குகிறது. அவர்கள் மகள் யெலேனா பிற்பாடு 1685 முதல் 1688 வரை முன்காச் கோட்டையை விடாமல் காத்தாள். அவள் எதிர்த்து நின்றது ஓட்டோமான்களை அல்ல, வியன்னாவின் படையை.