அப்பாச்சி 80, பிரியாணி அட்வான்ஸ்

குழு: அப்பாச்சி (அப்பாவின் அம்மா) வீடு, கோத்தகிரி
17 செப்டம்பர் 2025

பிரின்ஸ் அண்ணன் (காலை 7:05): 27 சனிக்கிழமை அப்பாச்சியின் 80-வது பிறந்தநாள் ஸ்தோத்திரக் கூட்டத்துக்கு பிரியாணி மாஸ்டர் இன்றைக்கே 10,000 அட்வான்ஸ் கேட்கிறார். 120 பேர் என்று சொல்லட்டுமா? மட்டனா சிக்கனா?

குன்னூர் பெரியப்பா: மட்டன்

நாசரேத் அத்தை: அம்மாவுக்குப் பல் இல்லை. சிக்கன்.

ஜெமி: மட்டன்

ஸ்டீபன் சித்தப்பா: பிரின்ஸ், 24 வரைக்கும் யாருக்கும் அட்வான்ஸ் கொடுக்காதே.

பிரின்ஸ் அண்ணன்: ஏன் சித்தப்பா, மாஸ்டர் சரியில்லையா?

ஸ்டீபன் சித்தப்பா: கர்த்தருக்கு ஸ்தோத்திரம். எல்லோரும் பொறுமையாக வாசிக்கவும். தென்னாப்பிரிக்காவில் ஜோசுவா ம்ஹ்லகேலா என்பவர், தனக்கு இயேசு தரிசனமாகி, செப்டம்பர் 23, 24 தேதிகளில் சபையை எடுத்துக்கொள்ள வருவேன் என்று சொன்னதாகச் சாட்சி சொல்கிறார். வீடியோவை மூன்று தடவை பார்த்தேன். 23 யூதருக்கு எக்காளப் பண்டிகை. 1 தெசலோனிக்கேயர் 4:16-ல் தேவ எக்காளம் என்றுதான் இருக்கிறது. முதலில் இரகசிய வருகை, விசுவாசிகளை மட்டும் ஆகாயத்துக்கு எடுத்துக்கொள்வார். அதற்குப் பிறகு 7 வருஷம் உபத்திரவ காலம், அந்திக்கிறிஸ்து ஆட்சி, முத்திரை இல்லாதவன் வாங்கவும் முடியாது, விற்கவும் முடியாது. வெளிப்படுத்தல் 13 பார்க்கவும். யாரையும் பயமுறுத்தச் சொல்லவில்லை. நம் வீட்டில் ஒரு ஆளும் கைவிடப்படக் கூடாது, அவ்வளவுதான்.

ஜெமி: அப்பா 24 எனக்குக் கணக்குப் பரீட்சை

ஜெமி: படிக்கணுமா வேண்டாமா

கிரேஸ் சித்தி: படி

நாசரேத் அத்தை: ஸ்தோத்திரம் தம்பி. பிரின்ஸ், எங்கள் காருக்கு நீலகிரிக்குள் வர ஈ-பாஸ் வேண்டுமா?

பிரின்ஸ் அண்ணன்: வேண்டும் அத்தை. டிஎன் 43, நீலகிரி வண்டிக்குத்தான் வேண்டாம். உங்களுடையது தூத்துக்குடி 69 இல்லையா?

குன்னூர் பெரியப்பா: ஸ்டீபா, மத்தேயு 24:36 உன் பைபிளில் இல்லையா? அந்த நாளையும் நாழிகையையும் பிதா ஒருவர் தவிர யாரும் அறியார். தேவதூதருக்கே தெரியாதது யூடியூப்காரனுக்குத் தெரியுமா?

ஸ்டீபன் சித்தப்பா: நாழிகை சொல்லவில்லை அண்ணா. இரண்டு நாள் என்றுதான் சொல்கிறார்.

குன்னூர் பெரியப்பா: 2011-லும் நீ இதைத்தான் சொன்னாய். அமெரிக்க ரேடியோ பிரசங்கியார் ஹரால்ட் கேம்பிங் மே 21 என்றார். நடக்கவில்லை என்றதும் அக்டோபர் 21 என்று மாற்றினார். அதற்கும் முன்னால் வில்லியம் மில்லர் என்ற அமெரிக்கப் பிரசங்கியார், 1844 அக்டோபர் 22 என்றார். அவர் பேச்சை நம்பி உருளைக்கிழங்கைத் தோண்டாமல் நிலத்திலேயே விட்டவனும் உண்டு. இரகசிய வருகையையே 1830களில் டார்பி என்ற பிரசங்கியார் போதித்துத்தான் பரவியது. 1909-ல் ஸ்கோஃபீல்டு என்பவர் குறிப்பு எழுதிய பைபிளின் அடிக்குறிப்பில் ஏறியதும், அது வசனமே என்று ஆகிவிட்டது.

ஸ்டீபன் சித்தப்பா: 4:17-ல் ஆகாயத்தில் எடுத்துக்கொள்ளப்பட்டு என்று எழுதியதும் டார்பியா? உங்கள் சிஎஸ்ஐ சபையில் இதைப் பிரசங்கிப்பதே இல்லை.

நாசரேத் அத்தை: காலையிலேயே ஆரம்பிக்காதீர்கள்

குன்னூர் பெரியப்பா: உலகம் 2000-ஐப் பார்க்காது என்று 1999-ல் 20 சென்ட் தேயிலையை வந்த விலைக்கு விற்றவன்தானே நீ. இன்று அங்கே மூன்று காட்டேஜ் நிற்கிறது. போகும்போதெல்லாம் பார்க்கிறேன்.

கிரேஸ் சித்தி: அந்தப் பணத்தில்தான் மாமாவுக்கு ஆபரேஷன் நடந்தது அத்தான். அதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

நான் (8:31): நேற்று இரவு அப்பாச்சி வீட்டுப் பின்கதவில் கரடி. எண்ணெய் டின்னை உருட்டி, துடைத்த மாதிரி நக்கி வைத்திருக்கிறது. கதவில் நகக் கீறல் நாலு.

நாசரேத் அத்தை: ஐயோ

பிரின்ஸ் அண்ணன்: அம்மாடி. தாழ்ப்பாள் மாற்றணும்

ஜெமி: கர்த்தருடைய நாள் இரவிலே திருடன் வருகிறவிதமாய்

கிரேஸ் சித்தி: ஜெமி

குன்னூர் பெரியப்பா: அம்மா பயந்தாளா?

நான்: இல்லை. எண்ணெய் விலை தெரியுமா என்று கரடியைத் திட்டினாள்.

பிரின்ஸ் அண்ணன்: மாஸ்டர் மறுபடியும் போன் செய்தார். என்ன சொல்ல?

குன்னூர் பெரியப்பா: பாதி கொடு. சிஎஸ்ஐ ஐயரவர்களிடம் ஜெபத்துக்குச் சொல்லிவிட்டேன், காலை 11.

ஸ்டீபன் சித்தப்பா: எங்கள் பாஸ்டரும் ஜெபிக்கட்டும் என்று அம்மாவே சொன்னாள்.

குன்னூர் பெரியப்பா: அதை நேரில் பேசலாம்.

கிரேஸ் சித்தி: இவர் இரவு 3 மணிக்கெல்லாம் எழுந்து மொட்டைமாடியில் நிற்கிறார் அத்தான். ஸ்வெட்டர்கூடப் போடுவதில்லை. நீங்களாவது போனில் கூப்பிட்டுப் பேசுங்கள், இங்கே வேண்டாம்.

குன்னூர் பெரியப்பா: சரி

பிரின்ஸ் அண்ணன்: 5,000 அனுப்பிவிட்டேன். மட்டன் சிக்கன் இன்னும் சொல்லவில்லை. அத்தை, ஒரு லிட்டர் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் கொண்டு வராதீர்கள், குஞ்சப்பனை செக்போஸ்டில் எடுத்துவிடுவார்கள்.

நாசரேத் அத்தை: சரிப்பா. ஈ-பாஸில் என்றைக்குத் திரும்புவோம் என்று கேட்கிறது. என்ன போட?

ஸ்டீபன் சித்தப்பா: 29 போடு அக்கா. அன்றைக்குத்தான் நம் கேரட் பிடுங்க ஆள் வருகிறது. டிக்கியில் ஒரு மூட்டை வைத்துவிடுகிறேன்.