புள்ளிக்குப் பின் வரும் நீரைப் பெருக்குவதா, கூட்டுவதா?

கேள்வி (மன்னார்குடி):
பத்தாம் வகுப்பில் படிக்கும் என் மகள், மயில்துத்தத்தின் (CuSO₄·5H₂O) நிறையைக் கணக்கிடும்போது நீரற்ற உப்பின் 159.5-ஐ ஐந்து நீர் மூலக்கூறுகளின் 90-ஆல் பெருக்கி, 14,355 என்று எழுதியிருக்கிறாள். வாய்பாட்டின் நடுவில் இருக்கும் புள்ளி பெருக்கல் குறிதானே என்கிறாள். எனக்கும் ஓர் ஐயம் உண்டு. சம்பா நடவுக்கு நான் வாங்கிய துத்தநாக சல்பேட் பையில் 21 சதவீதம் என்றும், அடுத்த வயல்காரர் வாங்கியதில் 33 சதவீதம் என்றும் அச்சிட்டிருக்கிறார்கள். உப்பு ஒன்றாக இருக்க, அளவு மட்டும் மாறுவது ஏன்?

பதில் (திருவையாறு, ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்):
ஐயா, இந்தப் பெருக்கலை எத்தனையோ விடைத்தாள்களில் சிவப்பு மையால் சுழித்திருக்கிறேன். கணக்குப் பாடத்தில் பழகிய கண்ணுக்கு அப்புள்ளி பெருக்கலாகத்தான் தெரியும். வேதியியலில் அது, உப்பும் நீரும் ஒரே படிகத்தில் குறிப்பிட்ட விகிதத்தில் சேர்ந்திருக்கின்றன என்பதை மட்டுமே காட்டுவதால், 159.5-உடன் 90-ஐக் கூட்டி 249.5 என்று எழுத வேண்டும். புள்ளியை அடுத்து வரும் 5 அடியெண் அன்று. நீரின் வாய்பாட்டுக்கு முன்னால் முழு அளவில் எழுதப்படும் அந்த எண் நீருக்கு மட்டுமே உரியது. பெயரிலும் இதே வரிசைதான்: முதலில் உப்பு, பிறகு எண்ணைக் குறிக்கும் மோனோ (1), டை (2), பென்டா (5), ஹெப்டா (7) போன்ற முன்னொட்டு, இறுதியில் ஹைட்ரேட். ஆகவே மயில்துத்தம், காப்பர் சல்பேட் பென்டாஹைட்ரேட். சோதனைக்குழாயில் இட்டுச் சூடேற்றினால் நீலம் வெளிறி வெண்பொடியாகும். குழாயின் வாயருகே நீர் முத்து முத்தாகப் படியும். ஆறிய பொடியில் ஒரு சொட்டு நீர் விட்டால் நீலம் திரும்பிவிடும்.

பதில் (பாபநாசம், உரக்கடை):
உங்கள் பையில் இருப்பது ஹெப்டாஹைட்ரேட், அவர் பையில் இருப்பது மோனோஹைட்ரேட். முன்னதன் நிறையான 287.4-இல் 126 பங்கு வெறும் நீர், பின்னதன் 179.4-இல் நீர் 18 மட்டுமே. துத்தநாகம் இரண்டிலும் அதே 65.4 என்பதால், நீர் குறையக் குறையச் சதவீதம் ஏறுகிறது. எக்டேருக்கு 25 கிலோ என்ற பரிந்துரை ஹெப்டாவுக்கானது. மோனோவில் ஏறத்தாழ 16 கிலோ போதும். விலையை விசாரிக்கும்போது பையின் எடையோடு இந்தச் சதவீதத்தையும் பாருங்கள்.

கேட்டவர்:
மகள் திருத்திவிட்டாள். ஆனால் பாரிஸ் சாந்துக்கு அரை நீர் என்று எழுதியிருக்கிறதே, மூலக்கூறைப் பாதியாக உடைக்க முடியுமா என்று இப்போது கேட்கிறாள்.

பதில் (திருவையாறு):
நல்ல கேள்வி. மூலக்கூறு உடைவதில்லை, இரண்டு கால்சியம் சல்பேட் அலகுகளுக்கு ஒரு நீர் மூலக்கூறு என்பதே அந்த அரையின் பொருள். அதனால் அதற்கு ஹெமிஹைட்ரேட் என்று பெயர். உங்கள் களர் நிலத்துக்கு இடும் ஜிப்சம், டைஹைட்ரேட்.