புதுப்பிப்பு: கிளைகளை ஒப்பிடும் கணக்கு இப்போது எங்கே நிற்கிறது

சென்னையில் எங்கள் ரத்தப் பரிசோதனை நிலையத்தின் 14 கிளைகளில் எது நன்றாக நடக்கிறது என்பதை எப்படி அளப்பது என்று முன்பு கேட்டிருந்தேன். பலரும் டேட்டா என்வலப்மென்ட் அனாலிசிஸைச் சொன்னீர்கள்: செலவிடுவதை (உள்ளீடு) வைத்து எவ்வளவு பலன் (வெளியீடு) வருகிறது என்று கிளைகளை ஒன்றோடொன்று ஒப்பிடும் முறை. செய்து பார்த்தாயிற்று.

1978இல் சார்ன்ஸ், கூப்பர், ரோட்ஸ் மூவரும் தந்த கணித மாதிரி (மாடல்) அது. ஒவ்வொரு கிளைக்கும் அதற்கே மிகச் சாதகமான வெயிட்டேஜை, அதாவது எந்த உள்ளீடு, வெளியீட்டுக்கு எவ்வளவு முக்கியத்துவம் என்பதை, தேடிக் கொடுக்கிறது; அப்படியும் முழு மதிப்பெண்ணான 1 வராவிட்டால் சாக்குச் சொல்ல இடமில்லை. எக்செலில் உள்ள சால்வர் கருவியே போதும். உள்ளீடுகளின் எண்ணிக்கையையும் வெளியீடுகளின் எண்ணிக்கையையும் கூட்டினால் வருவதைப்போல் மூன்று மடங்காவது கிளைகள் வேண்டும் என்பார்கள். இல்லையென்றால் ஆளாளுக்கு 1 வாங்கிவிடுவார்கள். அதனால் உள்ளீடாக ஊழியர் நேரம், வாடகை; வெளியீடாகப் பரிசோதனைகள், சொன்ன நேரத்தில் போன ரிப்போர்ட்டுகள் என்று நான்கோடு நிறுத்திக்கொண்டேன்.

சுவாரசியம் முடிச்சூர் கிளைதான், சின்ன கிளைகளில் ஒன்று. 1978 மாதிரியில் 0.62. கிளையின் அளவையும் கணக்கில் கொள்ளும் 1984 பி.சி.சி. (பேங்கர், சார்ன்ஸ், கூப்பர்) மாதிரியில் 0.95! ஊழியர்கள் மெத்தனமாக இல்லை, கிளை சிறியதாக இருப்பதுதான் பிரச்சினை. 'மூடிவிடலாம்' என்ற மேலாளரிடம் இதைக் காட்டினேன். தாம்பரம் கிளையோடு சேர்ப்பது பற்றி இப்போது பேச்சு.

அண்ணா நகர் வேறு கதை. 1 வாங்கியது சரி, ஆனால் நேரத்துக்குப் போன ரிப்போர்ட்டுகளுக்கு அது எடுத்துக்கொண்ட வெயிட்டேஜ் பூஜ்ஜியம். மளமளவென்று ரத்தம் எடுத்துவிட்டு ரிப்போர்ட்டை மறுநாள் கொடுத்தால் யாருக்கு என்ன பயன்? வெயிட்டேஜுக்குக் கீழ்வரம்பு போட்டு மறுபடி ஓட்டப்போகிறேன்.